முதலில் மீன், பிறகு சோறு

(எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் உணவும் அன்றாட வாழ்வும் குறித்துத் தேவிபட்டினத்தில் நிகழ்த்திய பொது உரையின் எழுத்து வடிவம்)



உடல் எடையைக் குறைக்க வயிற்றில் செய்யும் அறுவைசிகிச்சை என்றால் அது டில்லி, பம்பாய்ச் சேதி என்றுதான் நெடுநாள் இருந்தது. 2011இல் நிதின் கட்காரி செய்துகொண்டார், 2014இல் மத்திய நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லி செய்துகொண்டார் என்று பத்திரிகையில் படித்தோம். இன்று சென்னை, கோவை, மதுரை மருத்துவமனைகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. இந்தக் கடற்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கேயே செய்துகொண்டு ஊர் திரும்புவதும் நடக்கக்கூடியதே. உங்கள் தெருவிலேயே இந்த அறுவை ஆனவர் ஒருவர் இருக்கலாம். அவர் வெளியே சொல்லாமல் இருக்கலாம். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

மழை பொய்த்த சீமை, பனையும் கருவேலமும் நிற்கிற பூமி, இங்கே உடல் பருமனா என்று கேட்பவர்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். ஆண்களில் 37 விழுக்காடு. நாட்டின் சராசரி பெண்களுக்கு 24 விழுக்காடு என்னும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். வறுமைக்கும் பருமனுக்கும் பகை இல்லை. மலிவாகக் கிடைப்பது சோறும் சீனி போட்ட டீயும் ராத்திரிப் புரோட்டாவும் என்றால், உடம்பு பருத்தே தீரும். ரத்தமும் சத்தும் குறைந்தே இருக்கும்.

அறுவை யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று நான் இன்றைக்குப் பேசப்போவதில்லை. அதை மருத்துவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்காகச் சென்னை வந்து உயிரிழந்த சேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் நியாயமானது. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, பிறகு யார் எங்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. இன்று நான் பேச வந்தது அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி. அறுவை முடிந்து, தையல் ஆறி, ஆள் வீடு வந்து சேர்ந்தாயிற்று. அடுத்த வேளைக்கு என்ன சாப்பிடுவது?

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் புரியும். நம் நாட்டில் இரண்டு முறைகள் அதிகம். ஒன்று ஸ்லீவ். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி முக்கால் பங்கை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குழாய். லிட்டர் கணக்கில் கொண்ட இடத்தில் இனி 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். டீக்கடைக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றின் அளவு. இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் தனியே பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்ச தூரம் தள்ளி இணைத்துவிடுகிறார்கள். 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த வழி அது. ஸ்லீவில் இடம் மட்டும் குறைகிறது. பைபாஸில் இடமும் குறைகிறது, சத்தை உறிஞ்சும் பாதையும் குறைகிறது.

பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுகிற பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரிவதில்லை. வீட்டார் இதைக் கண்டு இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒரு வீட்டில், "பசிக்கலைன்னா விட்டுரு, தானா பசிக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில், "ஒரு வாய் கூட இறங்கலையே, இப்படிக் கிடந்தா என்னத்துக்கு ஆகும்" என்று அழுதுகொண்டே ஊட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பசியைப் பார்த்துச் சாப்பிடும் காலம் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். ஒரு வேளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். சின்னக் கரண்டி. வாயிலேயே கூழாகும்வரை மெல்ல வேண்டும். மார்புக்குழியில் லேசாக ஒரு கனம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு கவளம் போனாலும் வலி, எச்சில் ஊறல், வாந்தி.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவு. மூன்றாவது, நான்காவது வாரம் மசித்த உணவு. பிறகு மெத்தென்ற உணவு. இரண்டு மாதத்தை ஒட்டி வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் சாப்பாடு, அளவில் மட்டும் சிறியது. உங்கள் மருத்துவமனையில் கொடுத்த தாளில் நாட்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். அந்தத் தாள்தான் உங்களுக்குச் சட்டம்.

ஆனால் அந்தத் தாளில் பெரும்பாலும் ஓட்ஸ், தயிர், புரதப் பொடி, வேகவைத்த காய் என்று எழுதியிருக்கும். அதை வாங்கிக்கொண்டு தேவிபட்டினம் வருகிற ஒருவர், தன் வீட்டு அடுப்படியில் தனக்கு உதவாத சமையல்தான் நடக்கிறது என்று நினைத்துவிடுகிறார். இதைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். இந்த அறுவை ஆனவருக்குத் தேவையான முதல் பொருள் புரதம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம். அது குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும், முடி கொட்டும், காயம் ஆறாது, படியேற முடியாது. அந்தப் புரதத்தைச் சின்ன இடத்தில், மென்மையாக, எளிதில் செரிக்கும்படி தருகிற பொருள் மீன். கோழிக்கறி நாராக நிற்கும், ஆட்டுக்கறி அதைவிடச் சிரமம். மீன் உதிரும். 100 கிராம் மீன் சதையில் சுமார் 20 கிராம் புரதம். அதே எடை வெந்த சோற்றில் இரண்டரை கிராம் அளவுதான். டீ கிளாஸ் அளவு இடத்தில் எதை வைப்பது என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

பாக் விரிகுடா அலை அடங்கிய கடல். இங்கே கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்கள் பயமில்லாமல் இறங்கி நிற்கிற கடல். அதில் வருகிற மீன்கள் இந்த நோயாளிக்கென்றே அமைந்தவை. முதல் இரண்டு வாரத்துக்குக் காரலையோ வேறு பொடி மீனையோ மஞ்சள், சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்கவைத்து, முள் ஒன்றுகூடத் தங்காமல் துணியில் வடிகட்டிய சாறு. நண்டுச் சாறும் அப்படியே. மிளகாய் கிட்டே வரக் கூடாது. நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, பெருமைதான். ஆனால் புதுத் தையல் போட்ட இரைப்பைக்கு இரண்டு மாதம் அது ஆகாது. புளியும் அப்படித்தான். சாற்றில் புரதம் கொஞ்சம்தான் இறங்கும் என்பதால் இந்தக் கட்டத்தில் மருத்துவர் சொல்லும் புரதப் பொடியையும் ஆடை நீக்கிய பாலையும் விடக் கூடாது. பிறகு விளமீன், பாறை, ஊளி என்று சதை பெரிதாகக் கழன்று வரும் மீனை ஆவியில் வேகவைத்து, முள் பார்த்து, பருப்புத் தண்ணீரோடு மசித்துக் கொடுங்கள்.

ஐந்தாவது வாரத்துக்கு நம் வீடுகளில் ஒரு பதார்த்தம் தயாராக இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப் போடுகிற பால்சுறாப் புட்டு. வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்த்தது. எண்ணெயைக் குறைத்து, மிளகாயைத் தவிர்த்துச் செய்தால் இதைவிட நல்ல மெத்தென்ற உணவை எந்த உணவியல் புத்தகமும் சொல்லிவிட முடியாது. உடம்பு தேற வேண்டியவளுக்கு எது வேண்டும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. கணவாயும் இறாலும் ரப்பராக நிற்கும், மூன்று மாதம் பொறுங்கள். கருவாட்டை விட்டுவிடுங்கள். அதன் உப்பு தாகத்தைக் கிளப்பும், இந்த வயிற்றில் தாகத்துக்குத் தக்கபடி தண்ணீர் குடிக்கவும் முடியாது. சாளையில் சத்து நிறைய, விலையும் கம்மி. முள் எடுக்கப் பொறுமை இருந்தால் வஞ்சிரத்துக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீனும் விலை ஏறிவிடும். அப்போது முட்டை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கெட்டித் தயிர், பனீர். மீன் சேர்க்காத குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் இதுதான் வழி. அவர்கள் கணக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் புரதப் பொடியையும் நிறுத்த முடியாது.

ஆறு மாதம் கடந்த ஒருவருக்கு ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஓர் அவித்த முட்டை, சாம்பாரில் ஊறிய ஒரு சின்ன இட்லி: 8 கிராம். பத்தரை மணிக்கு ஒரு கிளாஸ் பால்: 5. மதியம் 80 கிராம் மீன், நாலு கரண்டி பருப்பு, பிறகு இடமிருந்தால் கொஞ்சம் காய், அதற்கும் பிறகு இடமிருந்தால் இரண்டு வாய்ச் சோறு: 20. சாயங்காலம் ஒரு கைப்பிடிச் சுண்டலும் கொஞ்சம் தயிரும்: 7. ராத்திரி மறுபடி மீன்: 15. படுக்கும் முன் பால்: 5. அறுபது ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. நம் தட்டில் சோறு நடுவில் குவிந்திருக்கும், குழம்பு அதை நனைக்கும், மீன் கடித்துக்கொள்ள ஓரத்தில் இருக்கும். இந்த வரிசையில் சாப்பிட்டால் ஆறு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும், மீன் தட்டிலேயே கிடக்கும். வரிசையைத் திருப்புங்கள். முதலில் மீன், பிறகு காய், கடைசியில் சோறு. அறுவைக்குப் பிந்தைய உணவைப் பற்றி ஒரே ஒரு சொல் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தைப் பேசியாக வேண்டும். நம் வீடுகளில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள்? ஆம்பளைகளும் பிள்ளைகளும். நடுத்துண்டு அவர்களுக்குப் போகும். கடைசியில் உட்காரும் பெண்ணுக்குச் சட்டியில் மிஞ்சுவது தலையும் வாலும் குழம்பும். அதில் சோற்றைப் பிசைந்து அவள் எழுந்துவிடுவாள். அறுவை ஆனவள் அவள் என்றால், லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த சிகிச்சை அந்தச் சட்டியின் அடியில் வீணாகிறது. அவளுடைய பங்கு மீனை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அவளே எடுத்துவைக்கக் கூச்சப்படுவாள், மாமியாரோ கணவரோ எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் சொம்பை அண்ணாந்து குடிக்கிற பழக்கம் இனி இல்லை. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு மடக்காக நாள் முழுவதும். கடலுக்குப் போகிற தம்பிக்கு இது மிகவும் கஷ்டம். இந்த வெயிலில், உப்புக்காற்றில், வேர்வை ஊற்றுகிறபோது தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும், ஏனென்றால் தேவையான அளவை உடனே உள்ளே அனுப்ப முடியாது. படகில் தனி பாட்டில், பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு. வலை இழுப்பதும் நங்கூரம் தூக்குவதும் ஆறு வாரத்துக்குக் கூடவே கூடாது, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொழிலுக்குப் போக வேண்டும். அந்த ஆறு வாரம் குடும்பம் எப்படி ஓடும் என்பதை அறுவைக்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீனி. பைபாஸ் ஆனவர் ஒரு கிளாஸ் சர்பத்தை மடமடவென்று குடித்தால் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிற்றைப் பிசையும், பேதியாகும். இரைப்பையில் தங்கி மெல்ல இறங்க வேண்டிய இனிப்பு நேராகக் குடலில் கொட்டுவதால் வரும் கோளாறு இது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமும் வரும். ஸ்லீவ் ஆனவர்களுக்கும் வரலாம், குறைவாக. "கருப்பட்டிதானே, வெள்ளைச் சீனி இல்லையே" என்கிறார்கள். பனை நம் சீமையின் மரம், அதன் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் இந்த வயிற்றுக்குக் கருப்பட்டியும் சீனிதான், பதநீரும் சீனித் தண்ணீர்தான், கீழக்கரைத் தொதலும் அப்படித்தான். சோடாவும் கோலாவும் வாயுவால் வயிற்றை உப்பவைக்கும், அவற்றை அடியோடு மறந்துவிடுவது நல்லது.

விருந்துக்கு வருகிறேன். நம் ஊரில் அன்பைப் பரிமாறுவதே இலையில்தான். "ரெண்டு கரண்டி போட்டுக்கங்க மச்சான், என்ன கோவமா?" என்று கேட்டால் எவரும் மறுக்க முடியாது. சஹனில் சேர்ந்து உட்காரும் விருந்துகளில் ஒரு வசதி இருக்கிறது. நாலைந்து பேர் ஒரே தாலத்தில் கை வைக்கும்போது ஒருவர் குறைத்துச் சாப்பிடுவது தனியாகத் தெரியாது, எதிரே நிறைந்த இலை இருந்து உறுத்தாது. பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கறித்துண்டைச் சின்னதாகப் பிய்த்து மென்றுகொண்டிருக்கலாம். அதில் உள்ள ஆபத்து வேகம். மற்றவர் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்தால் பந்தியிலேயே வாந்தி வந்துவிடும். இலைச் சாப்பாட்டிலும் அன்னதானத்திலும் மீதம் வைப்பதை அவமதிப்பாக நினைக்கிறோம். அறுவை ஆனவர் முதலிலேயே "ஒரு கரண்டி போதும், எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். பரிமாறுகிறவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

நோன்பு பற்றி என்னிடம் தனியாகக் கேட்கிறார்கள், எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். அறுவை ஆன முதல் ஆண்டில் பகல் முழுவதும் தண்ணீரில்லாமல் இருப்பதை மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 60 கிராம் புரதமும் இஃப்தாரிலிருந்து சஹருக்குள் அந்தச் சின்ன வயிற்றில் அடங்காது. நோயாளிக்குச் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. மருத்துவர் சொல்வதை உங்கள் ஆலிமிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நோன்பு வைப்பவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தோடும் ஒரு மடக்குத் தண்ணீரோடும் திறந்து, கஞ்சிக்கு முன் முட்டையோ மீனோ எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை விரதம் இருப்பவர்களுக்கும் இதேதான்: முதல் ஆண்டு வேண்டாம்.

இனி மாத்திரை. இரண்டு வகை மாத்திரைகளில் இரண்டு வகையான ஆபத்து.

முதலாவது, பழைய மாத்திரைகள். அறுவை ஆனவர்களில் பலருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அறுவைக்குப் பிறகு சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். எடை இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், பெரிய உதவி அது. ஆனால் அட்டையில் இருப்பது பழைய அளவு. வருகிற சகோதரியிடம் "எனக்கு இன்ன அறுவை ஆகியிருக்கிறது" என்று நீங்கள் சொல்லவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? பழைய அளவையே விழுங்கினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும், எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவீர்கள். மறைத்து வைப்பதில் உள்ள முதல் ஆபத்து இது.

இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய மாத்திரைகள். பல்சத்து மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி, பி12, இரும்பு. கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், இரண்டு மூன்றாகப் பிரித்து. சிட்ரேட் என்ற வகை நல்லது, அமிலம் குறைந்த வயிற்றிலும் அது சேரும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் போட்டதும் போடாததும் ஒன்றே. பி12க்கு மாதம் ஓர் ஊசி போட்டுக்கொள்ளலாம். பலரும் முதல் ஆண்டு ஒழுங்காகப் போடுகிறார்கள். எடை இறங்கி, ஆள் நன்றாக இருப்பதாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் பி12 சேமிப்பு கரைய இரண்டு மூன்று ஆண்டுகளாகலாம். அதற்குப் பிறகு கால் மரத்துப்போகும், ஞாபகம் மங்கும், அப்போது இதற்கும் அந்த அறுவைக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றாது.

போடக் கூடாத மாத்திரையும் உண்டு. உடம்பு வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகள். வலைத்தொழிலில் இடுப்பு வலி, தோள் வலி இல்லாதவர் யார்? ஆனால் பைபாஸ் ஆனவருக்கு இவை இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும், ரத்தம் கசியும், துளையே விழலாம். பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டும் அதே இடத்தில் புண் உண்டாக்கும். மது முன்பைவிட வேகமாக, மிகக் குறைந்த அளவிலேயே தலைக்கு ஏறும். சாப்பாட்டில் ஆறுதல் தேடிப் பழகியவர், அது கைவிட்டுப் போனதும் குடியில் போய் விழுவதை மருத்துவ உலகம் நன்றாகவே அறியும். வீட்டில் உள்ளவர்கள் இதைக் கண்காணிக்க வேண்டும்.

இந்த உரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அறுவை ஆனவர் நாலைந்து நாளாக விடாமல் வாந்தி எடுத்தால் அது 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடும் விஷயமல்ல. தயமின் என்ற பி1 சத்தின் சேமிப்பு உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருக்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சும் நினைவும் குழம்பும். அந்த நிலையில் களைப்புக்கென்று வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், "எடைக்குறைப்பு அறுவை ஆனவர், வாந்தி இத்தனை நாளாக இருக்கிறது, தயமின் போட்டீர்களா?" என்று கேட்கும் துணிச்சல் கூடப் போகிறவருக்கு வேண்டும். அந்த நேரத்தில் நோயாளியால் பேச முடியாமல் இருக்கலாம். அறுவை நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நம்மில் பலருக்கு அந்த மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இராமநாதபுரத்தில் இருக்கும் மருத்துவருக்கு அந்தத் தாள்தான் துணை.

பெண்களுக்குச் சில சொற்கள். மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். எடை வேகமாக இறங்கியதால் வருவது, புரதமும் இரும்பும் சரியாகப் போனால் திரும்ப வளரும். மாதவிடாய் ஒழுங்காகி, குழந்தை தரிக்கும் வாய்ப்பு கூடும். குழந்தைக்காகக் காத்திருந்தவர்களுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் 12 முதல் 18 மாதம் தள்ளிப் போடுங்கள். எடை ஓடிக்கொண்டிருக்கும்போது கரு தரித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்து போதாது. பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

அறுவை ஆனவர் ஏன் வெளியே சொல்வதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன் என்று முதலில் சொன்னேன். பருத்திருந்தபோது "குண்டு" என்றோம். மெலிந்ததும், "என்னப்பா இப்படி வத்திப் போயிட்ட, சுகரு முத்திருச்சா, வேற எதுவும் வியாதியா?" என்கிறோம். உண்மையைச் சொன்னால், "வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டான்" என்கிறோம். பருமன் சோம்பேறித்தனத்தால் வருவது என்ற எண்ணம் தவறு. பிறப்பிலேயே வருகிற மரபுக்கூறு, சுரப்பிகள், தூக்கம், மருந்துகள், மலிவு உணவு எல்லாம் சேர்ந்து உண்டாக்குகிற நோய் அது. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரை நாம் நலம் விசாரிக்கிறோம். இவரை ஏன் கேலி செய்கிறோம்? நம் கேலிக்குப் பயந்து அவர் மறைக்கிறார். மறைப்பதால் பழைய அளவு மாத்திரை, வலி மாத்திரை, வெறும் குளுக்கோஸ் என்று ஆபத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

அறுவை செய்தால் வாழ்க்கை முழுவதும் மெலிந்தே இருப்போமா? ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, அறுவை ஆன 2010 பேரையும் ஆகாத 2037 பேரையும் நெடுங்காலம் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ் ஆனவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டில் உடல் எடையில் சராசரியாக 32 விழுக்காடு இறங்கினார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 விழுக்காடாக நின்றது. அதாவது கொஞ்சம் திரும்ப ஏறும், அதைத் தோல்வி என்று நினைத்து மனம் விட வேண்டாம். அறுவை ஆனவர்களிடையே மரணமும் குறைவாக இருந்தது என்று 2007இல் அந்த ஆய்வு சொன்னது. மொத்தமாக ஏறிவிடுவது பெரும்பாலும் இனிப்புப் பானத்தாலும், மிக்சர், முறுக்கு என்று நாள் முழுவதும் கொறிப்பதாலும்தான். வயிறு சின்னதாக இருந்தும் கொறிப்புக்கு வழி திறந்தே இருக்கிறது. 2025 முதல் நம் நாட்டிலும் எடை குறைக்கும் புதிய வார ஊசிகள் கிடைக்கின்றன. அவற்றைப் போடுகிறவர்களுக்கும் நான் சொன்ன புரதக் கணக்கு அப்படியே பொருந்தும், சதை கரைகிற ஆபத்து அங்கேயும் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுவை ஆனவர்கள் முதல் ஆண்டில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின். நன்றாக இருக்கிறோம் என்ற நினைப்பில் ஒரு வருடத்துக்கு மேல் அதைச் செய்யாமல் இருப்பவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், எழுந்து நின்று சொல்ல வேண்டாம். இந்த வாரமே இராமநாதபுரம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.